மூன்றாவது முறைதான் ஆன் ஆகிறது, கேமில் திரை கருக்கிறது: கிராபிக்ஸ் கார்டை மாற்றலாமா?

கேள்வி: 2017-இல் அசெம்பிள் செய்த கேமிங் சிஸ்டம். இன்டெல் ஐ5-7400, எச்110 மதர்போர்டு, ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 4 ஜிபி ராம் இரண்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்கு மின்சாரம் தரும் பெட்டி). காலையில் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வருவதில்லை. இரண்டு மூன்று முறை அணைத்துப் போட்டால் வந்துவிடும். கேம் ஆடும்போது சில நாள் திரை கருத்துவிடுகிறது, சில நாள் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. கடையில் கார்டு போய்விட்டது என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போது மாற்றாதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளில் கார்டைவிட எஸ்எம்பிஎஸ் மீதுதான் அதிகச் சந்தேகம் விழுகிறது. கார்டை மாற்றியும் அதே தொல்லை தொடர்ந்தால் பணம் போனது போனதுதான்.

காலையில் முரண்டு பிடிப்பதும் சூடேறியபின் ஒழுங்காக ஓடுவதும் வயதான கெப்பாசிட்டர்களின் குணம். எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களின் உள்ளே இருக்கும் திரவம் ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்கிறது. காய்ந்த கெப்பாசிட்டரின் உள்மின்தடை குளிர்ந்திருக்கும்போது கூடும், சூடேறினால் குறையும். அதனால்தான் முதல் முயற்சியில் மின்சாரம் நிலைப்படுவதில்லை, மூன்றாவதில் நிலைப்படுகிறது. கேமில் கார்டு திடீரென்று அதிக வாட் இழுக்கும் கணத்திலும் இதே பலவீனம்தான் ரீஸ்டார்ட்டாக வெளிப்படும். இரண்டு தொல்லைக்கும் வேர் ஒன்றாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஆனாலும் சந்தேகத்தை வைத்து எதையும் வாங்கக் கூடாது. அடுத்த முறை கேமில் கெடும்போது எப்படிக் கெடுகிறது என்று கவனித்து எழுதி வையுங்கள். திரை மட்டும் கருத்து, பின்னணியில் கேமின் சத்தம் ஓடிக்கொண்டிருந்தால் சிஸ்டம் உயிரோடு இருக்கிறது. கார்டு, டிரைவர், கேபிள் இந்த மூன்றில் ஒன்று. சத்தம் ஒரே துணுக்கைத் திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டு உறைந்தால் ராமையும் பாருங்கள். எந்த அறிகுறியும் காட்டாமல் பட்டென்று அணைந்து மறுபடி ஆன் ஆனால் எஸ்எம்பிஎஸ். ஆன் செய்ததும் முதலில் வரும் பயாஸ் லோகோவிலேயே கட்டம் கட்டமாகவோ கோடு கோடாகவோ தெரிந்தால் கார்டின் மெமரி அல்லது சிப் பழுது, ஏனென்றால் அந்த நேரத்தில் விண்டோஸ் டிரைவர் ஏறியே இருக்காது.

விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் 'சிஸ்டம்' பகுதியையும் திறந்து பாருங்கள். கெர்னல்-பவர் 41 என்ற பதிவைக் கண்டு எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். அது சரியாக ஷட்டவுன் ஆகாமல் சிஸ்டம் எழுந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. அதன் விவரத்தில் 'பக்செக் கோடு' 0 என்று இருந்தால் புளூஸ்கிரீன் பதிவாகாமலே நின்றிருக்கிறது; மின்சாரப் பக்கம் போகலாம். 'டிஸ்ப்ளே' 4101 இருந்தால் கார்டு 2 விநாடிக்குள் பதில் சொல்லாததால் விண்டோஸ் டிரைவரை மறுபடி எழுப்பியிருக்கிறது. விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்த 2 விநாடியைக் கூட்டச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. அது நோயை மறைக்கும், தீர்க்காது.

இனி சோதனைகள். செலவில்லாதவற்றை முதலில் முடியுங்கள்.

இரவில் சுவிட்ச் போர்டில் அணைத்துவிடும் பழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அப்படி அணைத்தால் பயாஸ் கடிகாரம் முழுக்க மதர்போர்டில் உள்ள நாணய வடிவ சீமாஸ் பேட்டரியில்தான் ஓடும். 2017-இல் போட்ட பேட்டரி இன்னும் மாற்றப்படவில்லை என்றால் மாற்றிவிடுங்கள்: சிஆர்2032, 3 வோல்ட். மல்டிமீட்டரில் 2.8 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் அது முடிந்த பேட்டரி. பிறகு ஒரு நாள் காலையில் போர்டு சுவிட்சைப் போட்டு, 20 நிமிடம் காத்திருந்து பட்டனை அழுத்துங்கள். காத்திருந்த நாட்களில் மட்டும் முதல் முறையிலேயே வந்தால், சிஸ்டம் அணைந்திருக்கும்போதும் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸின் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை பகுதி தளர்ந்திருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லலாம்.

ராமைக் கழற்றி, 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் தங்க முனைகளைத் துடைத்து, காயவிட்டு மாட்டுங்கள். பென்சில் ரப்பர் வேண்டாம்; முலாம் மிக மெல்லியது, தேய்க்கத் தேய்க்கப் போய்விடும். கடலோர ஊர்களில் டிஸ்ப்ளே வராததற்கு இந்த முனைகளில் படியும் களிம்பே காரணமாக இருப்பதுண்டு. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளைப் பென் டிரைவிலிருந்து ஓட்டி 4 சுற்று விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராம் தேறாது. எது என்று அறிய ஒவ்வொன்றாக மாட்டி ஓட்டுங்கள்.

மானிட்டர் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் இருந்தால் எச்டிஎம்ஐக்கு மாற்றிப் பாருங்கள். சில மலிவான கேபிள்களில் 20-ஆம் பின் இணைக்கப்பட்டிருக்கும். அதன் வழியே மானிட்டரின் 3.3 வோல்ட் கார்டுக்குள் பின்வாசலாக வந்து பூட் ஆவதைத் தடுக்கும். 1060 வரிசைக்கு இன்னொரு தனிச் சிக்கலும் உண்டு. டிஸ்ப்ளேபோர்ட் 1.3, 1.4 மானிட்டர்களில் விண்டோஸ் ஏறும்வரை திரை கருப்பாகவே இருக்கலாம், சில நேரம் பூட்டே நின்றுவிடலாம். அதற்கென்றே என்விடியா 2018-இல் ஒரு ஃபர்ம்வேர் அப்டேட் கருவி வெளியிட்டது.

எல்லாவற்றிலும் பெரிய சோதனை இதுதான். ஐ5-7400-இல் எச்டி 630 கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. கார்டை முழுதாகக் கழற்றி வைத்துவிட்டு, மானிட்டரை மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் செருகி மூன்று நாட்கள் ஓட்டுங்கள். காலைத் தொல்லை அப்படியே இருந்தால் அதற்குக் கார்டு காரணமில்லை. தொல்லை நின்றுவிட்டால் அவசரப்பட்டுக் கார்டைக் குற்றம் சொல்லாதீர்கள். கார்டு இல்லாதபோது எஸ்எம்பிஎஸ்ஸின் சுமையும் குறைந்திருக்கிறது.

அடுத்து மீட்டர். டிசி 20 வோல்ட்டில் வைத்து, மதர்போர்டில் செருகியிருக்கும் 24 பின் கனெக்டரின் பின்புறமாக மஞ்சள் கம்பியில் சிவப்பு முனை, கறுப்பு கம்பியில் கறுப்பு முனை. மஞ்சளையும் பக்கத்துக் கம்பியையும் முனையால் சேர்த்துவிடாமல் பாருங்கள். 12 வோல்ட் 11.40 முதல் 12.60 வரை இருக்கலாம். சும்மா இருக்கும்போது 12.1 காட்டி, கேமில் 11.5-க்கு இறங்கினால் எல்லைக்குள் இருந்தாலும் அது தளர்ந்த எஸ்எம்பிஎஸ். நன்றாகக் காட்டினாலும் நம்பிவிட முடியாது, ஏனென்றால் மின்னழுத்தத்தின் வேகமான ஏற்ற இறக்கத்தை மீட்டர் காட்டாது. உறுதியான வழி, தெரிந்தவரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை வாங்கி இரண்டு நாள் மாட்டிப் பார்ப்பதுதான். மாடுலர் (கேபிள்களைக் கழற்றி மாட்டும் வகை) என்றால் அதன் கேபிள்களோடு வாங்குங்கள். ஒரு கம்பெனியின் கேபிளை இன்னொன்றில் செருகினால் பின் வரிசை மாறி மதர்போர்டே எரியலாம். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் நீங்களே திறக்காதீர்கள்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம்.

யுபிஎஸ் வழியாக ஓட்டுகிறீர்களா? சதுர அலை தரும் சாதாரண யுபிஎஸ்ஸும் ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்க வைக்கும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ்ஸும் சில நேரம் ஒத்துப்போவதில்லை. சோதனை நாட்களில் நேராகச் சுவர் பிளக்கில் ஓட்டுங்கள். ரீஸ்டார்ட் நின்றால் பழுது யுபிஎஸ்ஸில்.

இதையெல்லாம் தாண்டியும் திரை கருத்தால் கார்டுக்கு வருவோம். சேஃப் மோடில் டிடியு (டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்) மென்பொருள் மூலம் டிரைவரைத் துடைத்துப் புதிதாகப் போடுங்கள். கார்டின் வேகத்தையும் மின்சாரத்தையும் மாற்றும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை 70 சதவீதமாக்கி ஆடுங்கள். தொல்லை நின்றால் மின்சாரம் அல்லது சூடு. நிற்காமல், மெமரி கிளாக்கை 300 மெகாஹெர்ட்ஸ் குறைத்தபோது மட்டும் நின்றால் கார்டின் மெமரி தளர்கிறது. இந்தக் கார்டு 83 டிகிரியைத் தாண்டாமல் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும். எப்போதும் அந்த எல்லையிலேயே நின்று, ஃபேனும் கதறினால் தூசி தட்டி தெர்மல் பேஸ்ட் மாற்றுங்கள். மெமரி மீதுள்ள, சூட்டைக் கடத்தும் பேடுகள் கிழிந்தால் அதே தடிமனில் வாங்க வேண்டும்.

ஹீட் கன் வைத்துச் சூடாக்கித் தருகிறேன் என்பவர்களிடம் கார்டைக் கொடுக்காதீர்கள். சில வாரம் ஓடும், மறுபடி படுக்கும்.

எஸ்எம்பிஎஸ்தான் என்று உறுதியானால் 80 பிளஸ் பிரான்ஸ் என்ற மின்திறன் சான்று உள்ள நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ் போதும். பிராசசர் 65 வாட், கார்டு 120 வாட், மற்றவை சேர்ந்தும் மொத்தம் 250-ஐ ஒட்டித்தான் வரும். கார்டுதான் என்று உறுதியானால், பழைய 1060-ஐயே தேடி வாங்காதீர்கள். அந்தத் தலைமுறைக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர்களை 2025 அக்டோபரோடு என்விடியா நிறுத்திவிட்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டுமே வரும்.