தள்ளிப்போடுதலும் அச்சமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு 42 வயது. ஏடிஎச்டி எனும் கவனக்குறைவு மற்றும் மிகையியக்கக் குறைபாடு இருப்பதாகச் சென்ற ஆண்டு மனநல மருத்துவர் உறுதிசெய்தார். முதலில் பெரும் நிம்மதி. சோம்பேறி, பொறுப்பில்லாதவள் என்று சிறு வயதிலிருந்து கேட்டுவந்த வசைகளுக்கு ஒரு காரணம் கிடைத்ததே என்று இருந்தது. பிறகு, இருபது வயதில் தெரிந்திருந்தால் வாழ்க்கையே வேறாக இருந்திருக்குமே என்ற கோபம். இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன், ஓரிடத்தில் உட்கார முடிகிறது, ஆனால் வேலைகள் முன்னைவிட அதிகமாகத் தேங்குகின்றன. பத்து நிமிடத்தில் நிரப்பிவிடக்கூடிய ஒரு காப்பீட்டுப் படிவம் இரண்டு மாதமாக மேசைமேல் கிடக்கிறது. “மறதி எல்லாருக்கும்தான் இருக்கிறது, உனக்கு இப்போது ஒரு சாக்கு கிடைத்துவிட்டது” என்கிறார் கணவர். எனக்கே அந்தச் சந்தேகம் வருகிறது. அப்பாவிடம் இதைச் சொல்லலாமா என்றும் தெரியவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்தப் படிவத்திலிருந்தே தொடங்குகிறேன். இதே படிவம் சில ஆண்டுகளுக்கு முன் வந்திருந்தால், கெடு முடியும் நாள்வரை கண்ணில் படாததுபோல் கடந்துபோயிருப்பீர்கள். கடைசி இரவில் நெஞ்சு படபடக்க, உங்களையே திட்டிக்கொண்டு, நள்ளிரவு தாண்டி நிரப்பி முடித்திருப்பீர்கள். ஏடிஎச்டி உள்ள ஒருவருக்கு ஒரு வேலை முக்கியமானது என்று தெரிந்திருப்பது மட்டுமே அதைத் தொடங்கப் போதுமானதாக இருப்பதில்லை. ஆர்வமோ, புதுமையோ, கழுத்தை நெரிக்கும் அவசரமோ வேண்டியிருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக உங்களை வேலை செய்ய வைத்தது அச்சமும் தன்வெறுப்பும்தான். உங்களுக்கு இருப்பது குணக்கேடு இல்லை என்று மருத்துவர் சொன்னதும் அந்த அச்சம் தளர்ந்துவிட்டது, ஆனால் அதன் இடத்துக்கு வேறெதுவும் இன்னும் வந்து சேரவில்லை. வேலைகள் தேங்குவதற்குக் காரணம் இது என்றே நினைக்கிறேன். இதில் சாக்கு எதுவும் இல்லை.

மருந்து இந்த இடத்தைத் தானாக நிரப்பாது. மெதில்பெனிடேட் போன்ற மருந்துகள் மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருள்களான டோபமைனும் நார்அட்ரினலினும் கூடுதலாகக் கிடைக்கச் செய்கின்றன. கவனத்தை ஓரிடத்தில் பிடித்துவைக்க அது உதவும். எதன்மேல் பிடித்துவைப்பது என்பதையும், ஒரு வேலையை எங்கிருந்து பிரித்துத் தொடங்குவது என்பதையும் தனியாகத்தான் பழகவேண்டும். உங்கள் படிவத்தையே பாருங்கள். பாலிசி எண் வேறொரு கோப்பில் இருக்கும், ஒரு நகல் எடுக்கவேண்டியிருக்கும், கணவரின் கையெழுத்தும் தேவைப்படலாம். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் இவை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்து நிற்க, மனம் விலகிக்கொள்கிறது. இன்று மாலை அந்தக் கோப்பைத் தேடியெடுத்து, ஒரு பேனாவோடு படிவத்தின்மேல் வையுங்கள், அவ்வளவு போதும். நாளை நிரப்பும்போது கணவரை அதே அறையில் அமர்ந்து தன் வேலையைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் மேற்பார்வை பார்க்கவேண்டாம். ஒருவர் உடனிருப்பதே இந்தக் குறைபாடு உள்ள பலருக்குக் கைகொடுக்கிறது. பெரியவர்களின் ஏடிஎச்டிக்கென்றே வடிவமைக்கப்பட்ட அறிவாற்றல் நடத்தை சிகிச்சையும் பெரும்பாலும் இப்படிப்பட்ட பழக்கங்களைத்தான் கற்றுத்தருகிறது. மருந்தோடு அதையும் பெற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மருந்து எத்தனை மணிக்குப் பிடிக்கிறது, எப்போது விட்டுப்போகிறது, பசியும் உறக்கமும் எப்படி இருக்கின்றன என்று தினமும் குறித்துவைத்து அவரிடம் காட்டுவதும் அவசியம். ஆரம்ப அளவிலேயே நின்றுவிட்டு, மருந்தின் பலனே இவ்வளவுதான் என்று முடிவுகட்டிவிடுபவர்கள் உண்டு.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. மறதி எல்லாருக்கும் இருக்கிறது. ஆனால் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013இல் வகுத்த வரையறையின்படி, கவனக்குறைவு சார்ந்தோ மிகையியக்கமும் அவசரமும் சார்ந்தோ குறைந்தது ஐந்து அறிகுறிகள் பெரியவர் ஒருவரிடம் தொடர்ந்து இருக்கவேண்டும். அவற்றில் பல 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்கவேண்டும். வீடு, அலுவலகம் என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வாழ்க்கையைக் குலைத்திருக்கவேண்டும். இதை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. தைராய்டு கோளாறு, உறக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவையும் இதேபோல் தோற்றமளிக்கக்கூடும் என்பதால்தான் மருத்துவர் சிறுவயதிலிருந்து விசாரிக்கிறார். அடுத்த முறை கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் வாயால் கேட்டால் சாக்காகத் தோன்றுவது, மருத்துவர் சொன்னால் அவருக்கு வேறாகத் தோன்றலாம்.

உங்கள் கோபம் நியாயமானது. குழந்தைகளிடம் இத்தகைய நிலையை ஜார்ஜ் ஸ்டில் என்ற மருத்துவர் 1902இலேயே லண்டனில் விவரித்துவிட்டார். ஆயினும் வளர்ந்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பல பத்தாண்டுகள் நீடித்தது. துள்ளித் திரிந்த சிறுவர்களாவது கண்ணில் பட்டார்கள். வகுப்பில் அமைதியாக உட்கார்ந்து எங்கோ பார்த்துக்கொண்டிருந்த பெண்குழந்தையை யாரும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவில்லை. இழந்த ஆண்டுகளுக்காகத் துக்கப்படுங்கள், அதை விரைவாகக் கடந்துவிட வேண்டும் என்று உங்களை நீங்களே நெருக்காதீர்கள். ஆனால் நடந்த எல்லாவற்றையும் ஏடிஎச்டியின் கணக்கில் எழுதிவிடவும் வேண்டாம். சில முடிவுகள் எவருக்கும் தவறிப்போகக்கூடியவை.

அப்பாவைப் பற்றி. ஏடிஎச்டியில் மரபின் பங்கு மிகப் பெரியது. மக்களிடையே காணப்படும் வேறுபாட்டில் 70 சதவீதத்துக்கும் மேல் மரபணுக்களால் வருவதாக இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. உங்களைத் திட்டியவர்களில் அவரும் ஒருவரென்றால், அதே சிரமத்தோடு, அதற்கு ஒரு பெயர்கூட இல்லாமல் அவரும் வாழ்ந்திருக்கக்கூடும். ஆகவே குற்றச்சாட்டாகத் தொடங்காமல், பள்ளி நாட்களில் அவர் எப்படி இருந்தார், எதையெல்லாம் தொலைத்தார், எதற்கெல்லாம் அடிவாங்கினார் என்று கேட்டுப்பாருங்கள். பேச்சு வளர்ந்தால் உங்களைப் பற்றிச் சொல்லலாம். அவர் மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். அவருடைய ஒப்புதல் கிடைத்த பிறகுதான் உங்கள் சிகிச்சை தொடரவேண்டும் என்பதில்லை.

அன்புடன்