இறக்குமதியால் ஆலை மூடுகிறது: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. பென்சில்வேனியாவில் ஓர் உலோக உதிரிபாகத் தொழிற்சாலையில் 14 வருடமாக மெஷின் ஆபரேட்டராக இருக்கிறேன். வயது 52, கிரீன் கார்டு வைத்திருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து மலிவாக வரும் பாகங்களோடு போட்டி போட முடியாததால் 30 நாளில் இந்த ஆலையை மூடுவதாகக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். இங்கே 140 பேர், எல்லோரும் முழுநேர ஊழியர்கள். கம்பெனிக்கு வேறு மாநிலத்தில் இருக்கும் ஆலை தொடர்ந்து ஓடும். எட்டு வாரச் சம்பளம் தருகிறோம், ஐந்து நாளுக்குள் ஒரு தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். 2010 வாக்கில் இப்படி வேலை இழந்த என் நண்பரை அரசாங்கமே இரண்டு வருடம் படிக்க வைத்து வாரப் பணமும் கொடுத்தது. எனக்கும் கிடைக்குமா? அப்படி வாங்கினால் குடியுரிமைக்குச் சிக்கல் வருமா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்விகளுக்கான பதிலைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தத் தாள். எட்டு வாரச் சம்பளத்துக்குப் பதிலாகக் கம்பெனி மேல் வழக்குப் போடும் உரிமைகளை விட்டுக்கொடுக்கிறேன் என்றுதான் பெரும்பாலும் அதில் எழுதியிருக்கும். இன்று அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

நாற்பது வயதைத் தாண்டிய ஊழியர் வயதுப் பாகுபாட்டு வழக்கு போடும் உரிமையை எழுதிக் கொடுத்தால், அது செல்லுபடியாக 1990-ஆம் ஆண்டுச் சட்டம் சில நிபந்தனைகள் வைத்திருக்கிறது. பலரைச் சேர்த்து வேலையை விட்டு நிறுத்தும்போது, யோசிக்க 45 நாள் தர வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகும் 7 நாளுக்குள் திரும்பப் பெறலாம். வக்கீலைக் கலந்துகொள்ளுங்கள் என்று எழுத்திலேயே சொல்ல வேண்டும். ஐந்து நாள் கெடு இந்தச் சட்டத்துக்கு ஒத்துவராது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சட்டம் காப்பது வயது தொடர்பான உரிமையை மட்டுமே. “எல்லாக் கோரிக்கைகளையும் விட்டுவிடுகிறேன்” என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டால், மற்ற உரிமைகள் கையை விட்டுப் போய்விடலாம். உங்களுக்கு அப்படி ஒரு பெரிய உரிமை இருக்கிறது.

அதுதான் 1988-இல் வந்த வார்ன் சட்டம். நூறு அல்லது அதற்கு மேற்பட்ட முழுநேர ஊழியர்களைக் கொண்ட நிறுவனம், ஓர் இடத்தில் 50 பேருக்காவது வேலை போகும்படி ஆலையை மூடினால், 60 நாள் முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும். உங்களுக்குக் கிடைத்தது 30 நாள். குறைந்த நாட்களுக்கான சம்பளத்தையும் சலுகைகளையும் கேட்க உங்களுக்கு வழி இருக்கிறது. “எதிர்பாராத வியாபாரச் சூழல்” என்ற விதிவிலக்கைக் கம்பெனி காட்டலாம். அப்படிக் காட்டுவதானால், அறிவிப்பு ஏன் குறைந்தது என்று அந்தக் கடிதத்திலேயே சுருக்கமாகச் சொல்லியிருக்க வேண்டும். வருடக்கணக்காக வளர்ந்துவந்த இறக்குமதிப் போட்டியைத் திடீர் இடி என்று நீதிமன்றத்தில் நிறுவுவது எளிதல்ல என்பது என் கருத்து. இந்தச் சட்டத்தைத் தொழிலாளர் துறை அமல்படுத்தாது. கூட்டாட்சி நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்து ஒரே வக்கீலிடம் போனால் செலவு குறையும்.

இனி உங்கள் நண்பர் வாங்கிய உதவிக்கு வருகிறேன். அதன் பெயர் டிரேட் அட்ஜஸ்ட்மென்ட் அசிஸ்டன்ஸ். 1962-இல் தொடங்கி, 1974-ஆம் ஆண்டு வர்த்தகச் சட்டத்தில் விரிவானது. அப்போது மூன்று தொழிலாளர்கள் சேர்ந்து மனுப் போட்டாலே போதும். இறக்குமதியால்தான் வேலை போனது என்று தொழிலாளர் துறை சான்றளித்தால் படிப்புச் செலவு, வேலையிழப்புத் தொகை தீர்ந்த பிறகும் வாரப் பணம், ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் குறைந்த சம்பள வேலைக்குப் போனால் ஈட்டுத்தொகை எல்லாம் கிடைத்துவந்தது. உங்களுக்கே எழுதி வைத்தது போன்ற திட்டம். ஆனால் 2022 ஜூலை 1 முதல் அதன் அதிகாரம் காலாவதியாகிவிட்டது. புதிய மனுக்களை ஏற்பதில்லை, சான்றும் கொடுப்பதில்லை. இதை எழுதவே எனக்கு வருத்தமாக இருக்கிறது. நாடு முழுவதற்கும் மலிவான பொருள் கிடைக்கிறது, அதன் விலையை ஓர் ஆலையின் 140 குடும்பங்கள் கொடுக்கின்றன. அந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்ளத்தான் அரசாங்கம் அந்த வாக்குறுதியைக் கொடுத்தது.

ஆனாலும் இறக்குமதிதான் காரணம் என்று சொல்லும் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். 2015-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இத்திட்டத்தைப் புதுப்பித்தபோது, 2014 முதல் மனுப் போட்டவர்களையும் பின்னோக்கிச் சேர்த்துக்கொண்டது. மறுபடியும் அப்படி நடந்தால் கடிதம் உதவலாம்.

இப்போது திறந்திருக்கும் கதவு, 2014-இல் வந்த டபிள்யூ.ஐ.ஓ.ஏ. என்ற வேலைப் பயிற்சிச் சட்டத்தின் கீழ் வேலையிழந்த தொழிலாளர்களுக்குத் தரும் உதவி. ஆலை மூடலால் வேலை போனால் போதும், இறக்குமதியை நிரூபிக்கத் தேவையில்லை. பென்சில்வேனியாவில் ‘கேரியர்லிங்க்’ என்ற அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கேளுங்கள். பயிற்சிக் கட்டணம் கிடைக்கலாம், பழைய திட்டம் போல நீண்ட வாரப் பணம் கிடையாது. அதனால் வரிசை முக்கியம். வேலை நின்ற வாரமே வேலையிழப்புக் காப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். உங்கள் மாநிலத்தில் அதிகபட்சம் 26 வாரம். படிப்பில் சேருவதற்கு முன்பே அந்தப் பயிற்சிக்கு ஒப்புதல் வாங்கிவிடுங்கள். ஒப்புதல் இருந்தால், வகுப்புக்குப் போகிறீர்கள் என்ற காரணத்துக்காகக் காப்பீட்டுத் தொகையை மறுக்க முடியாது. செவரன்ஸ், அதாவது கம்பெனி தருவதாகச் சொல்லும் எட்டு வாரச் சம்பளம், வாங்கினால் அது முழுவதும் காப்பீட்டுத் தொகையிலிருந்து கழிந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். மாநிலச் சராசரி ஆண்டு ஊதியத்தின் 40 சதவீதத்தைத் தாண்டும் பகுதியைத்தான் கணக்கில் எடுப்பார்கள்.

மருத்துவக் காப்பீட்டில் இரண்டு வழி. கம்பெனியின் குழுத் திட்டம் தொடர்வதால் கோப்ரா என்ற சட்டத்தின் வழியாக 18 மாதம் வரை அதிலேயே இருக்கலாம், ஆனால் கம்பெனி கட்டிவந்த பங்கையும் நீங்களே கட்ட வேண்டும். அல்லது மாநிலத்தின் ‘பென்னி’ என்ற மருத்துவக் காப்பீட்டுச் சந்தையில் வேறு திட்டம் எடுக்கலாம். இரண்டுக்கும் 60 நாள் கெடு உண்டு, தவறவிடாதீர்கள்.

குடியுரிமை பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். வேலையிழப்புக் காப்பீடு நீங்கள் உழைத்த வேலையின் பேரில் வருவது, யாரும் போடும் தானம் அல்ல. அரசுக்குச் சுமையாவாரா என்ற பரிசோதனை குடியுரிமை விண்ணப்பத்துக்குக் கிடையவே கிடையாது. ஆனால் படிவத்தில் உண்மையை மட்டும் எழுதுங்கள். இடையில் பகுதிநேர வேலை செய்து, அதை மறைத்துத் தொகை வாங்கினால் அது மோசடி, குடியுரிமைக்கு அதுதான் தடையாகும்.

செவரன்ஸ் தாள், மூடல் கடிதம், கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டுகள். இவற்றை எடுத்துக்கொண்டு இந்த வாரமே உள்ளூர்த் தொழிலாளர் வக்கீல் ஒருவரைப் பாருங்கள். ஹெச்.ஆர். அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சலும் அனுப்புங்கள்: “தாளைப் படித்து வக்கீலிடம் காட்ட எனக்குச் சட்டப்படி உரிய 45 நாள் வேண்டும்.” அதன் பிரதியைக் கம்பெனிக் கணினியில் விடாமல் உங்கள் சொந்த மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள்.