மறு: பொட்டாசியத்துக்கு 2, 8, 9 ஏன் தவறு?

அணுவின் மூன்றாம் கூட்டில் 18 எலக்ட்ரான்களுக்கு இடமிருந்தும், பொட்டாசியத்தின் 19 எலக்ட்ரான்களைக் கூடுவாரியாக 2, 8, 9 என்று எழுதியதை ஆசிரியர் தவறென்று அடித்துவிட்டார் என்கிறீர்கள். கேள்வி நியாயமானதுதான். அந்த 18 கூட்டின் கொள்ளளவு மட்டுமே. நிரம்பும் வரிசையை அது சொல்லாது. வகுப்பில் இதைச் சொல்லாமல் விடுவதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

மூன்றாம் கூட்டில் எஸ், பி, டி என மூன்று துணைக்கூடுகள் உண்டு. எஸ்ஸில் 2, பியில் 6. 18 எலக்ட்ரான்கள் கொண்ட ஆர்கானோடு இந்த எட்டும் நிரம்பிவிடுகின்றன. மீதி 10 இடங்கள் 3டி-யில், அதாவது மூன்றாம் கூட்டின் டி துணைக்கூட்டில் இருக்கின்றன. ஆனால் 4எஸ் (நான்காம் கூட்டின் எஸ்) எலக்ட்ரான் உட்கருவின் அருகே வரை ஊடுருவக்கூடியது. அதனால் பொட்டாசியத்தில் 3டி-யைவிட 4எஸ்-இன் ஆற்றல் குறைவு. 19ஆவது எலக்ட்ரான் அங்கே போய்விடுகிறது: 2, 8, 8, 1.

சான்று வேண்டுமா? பொட்டாசியத்தின் முதல் எலக்ட்ரானைப் பிரிக்க மோலுக்குச் சுமார் 419 கிலோஜூல் போதும். இரண்டாவதற்கு ஏறத்தாழ 3,050 வேண்டும். ஒன்றே ஒன்று வெளியே தனித்து நிற்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? குளோரினுக்கு அதைக் கொடுத்துத்தான் பொட்டாசியம் அயனிப் பிணைப்பில் சேர்கிறது.

கால்சியம் 2, 8, 8, 2. நீங்கள் எழுதிய அந்த 9, அடுத்து வரும் ஸ்காண்டியத்தில் இருக்கிறது: 2, 8, 9, 2.