நீலம் என்றால் சோகமா?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

குறும்படம் ஒன்று எடுக்கப் போகிறேன். இணையத்தில் ஒரு வண்ணப் பட்டியல் கிடைத்தது. சிவப்பு கோபம், நீலம் சோகம், பச்சை பொறாமையாம். ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் பரியன் நீலம் பூசி வருவதும் சோகத்துக்குத்தானா? என் நாயகி கோபக்காரி. சிவப்புச் சேலை எடுத்துவிடலாமா?

வாசகன், வள்ளியூர்

அன்புள்ள தம்பி,

சேலை இன்னும் எடுக்கவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள்.

அந்தப் பட்டியலைப் போட்டவர் நம்ம பக்கத்து மின்கம்பங்களைப் பார்த்திருக்க மாட்டார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாலே தெரியும், கம்பத்திலும் பாலத்துச் சுவரிலும் பட்டை பட்டையாகப் பெயிண்ட், சாதிக்கு ஒரு வண்ணம். ஒரு வண்ணம் முடிந்து இன்னொன்று தொடங்கினால் தெரு மாறிவிட்டது என்று அர்த்தம். பள்ளிக்கூடத்துப் பையன் கையில் கட்டும் கயிறு வரைக்கும் இதே கதைதான். நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024-இல் கொடுத்த அறிக்கையில் அந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. இப்படி ஒரு ஊரில் ஒருவன் உடம்பில் நீலம் ஏறினால் எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அம்பேத்கர் இயக்கத்துக் கொடி. சோகம் அதில் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பரியன் நீலம் பூசி வரும் பாட்டு கேட்பது ‘நான் யார்’ என்று. ‘காலா’வில் பாருங்கள், வெள்ளை உடுத்தியவன் வில்லன். கறுப்பு உடுத்தியவன் திருநெல்வேலியிலிருந்து தாராவிக்குப் போன குடும்பத்துப் பிள்ளை. வெள்ளை நல்லது, கறுப்பு கெட்டது என்கிற வழக்கமான பட்டியலை வைத்துப் பார்த்தால் தலைகீழ்.

சரி, உங்கள் நாயகிக்கு வருவோம். நண்பர் ஒருவர் திசையன்விளைப் பக்கம் தேரியில், அதாவது செம்மணல் மேட்டில், படம் எடுத்தபோது கூடப் போயிருந்தேன். அவருடைய நாயகிக்கும் கோபம்தான், சிவப்புச் சேலைதான். உச்சி வெயிலில் மானிட்டரைப் பார்த்தால் சேலையைக் காணோம்! செம்மணலோடு மணலாகப் போய்விட்டது, முகம் மட்டும் தனியாக மிதக்கிறது. மணலில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் தாடைக்குக் கீழே செம்மையாக அப்பியிருந்தது. அந்த நேரம் பார்த்து ஆடு பத்திக்கொண்டு ஒரு ஆச்சி ஃபிரேமின் ஓரத்தில் நுழைந்தார். வெளுத்துப்போன பச்சைச் சேலை. அத்தனை பேர் கண்ணும் ஆச்சி மேலே. சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை நின்றால் அப்படித்தான் எடுக்கும். மறுநாள் நாயகிக்குக் கிடைத்ததும் ஒரு பழைய பச்சைச் சேலைதான். கோபம் நன்றாகவே தெரிந்தது.

இன்னொரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். தெக்கத்திக் கதை என்றாலே எடுத்த படத்தின் நிறத்தை மாற்றும் கலர் கிரேடிங்கில் மஞ்சளை ஏற்றி, ஊரையே காய்ந்த ஓலையாக்கி விடுகிறார்கள். தேரி அப்படி இருக்கலாம். பிசானப் பருவத்து நெல் நடவு முடிந்து கல்லிடைக்குறிச்சி வாய்க்கால் கரையில் நின்று பாருங்கள், கண் கூசும் பச்சை. அதற்குள்ளும் வெட்டுக்குத்து நடக்கத்தான் செய்கிறது.

உங்கள் நாயகி எந்த ஊர், அவள் வீட்டுக் கொடியில் என்னென்ன துணி காய்கிறது என்று எழுதி அனுப்புங்கள். அப்புறம் கடைக்குப் போவோம்.

அன்புடன்,
அண்ணாச்சி