டிசைன் திங்கிங்கை புராஜெக்ட் செய்தே கற்றுக்கொள்ள முடியுமா?

தொழிலில் புதுமை செய்வதற்கான டிசைன் திங்கிங்கை, அதாவது பயனரைக் கவனித்து அதிலிருந்து தீர்வு தேடும் முறையை, பாடமாகப் படிக்காமல் புராஜெக்ட் வழியாகவே கற்கலாமா, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகக் கற்கலாம். சொல்லப்போனால் வேறு வழியில் அது கைக்கு வராது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பள்ளியான டி.ஸ்கூல் பரப்பிய ஐந்து படிகளை (பயனரைப் புரிந்துகொள்வது, பிரச்சினையை வரையறுப்பது, யோசனைகள், முன்மாதிரி, சோதனை) மனப்பாடம் செய்ய ஒரு சாயங்காலம் போதும். கலர் சீட்டுகளைச் சுவரில் ஒட்டும் ஒருநாள் பயிலரங்குகளில் பெரும்பாலும் மூன்றாவது படி மட்டும்தான் நடக்கிறது. ஜாலியாக இருக்கும், அவ்வளவுதான்.

முதல் புராஜெக்டுக்கு உலகை மாற்றும் பிரச்சினை வேண்டாம். ஒரு சிக்கலோடு தினமும் மல்லுக்கட்டும் ஆட்களின் பக்கத்தில் இந்த வாரமே போய் உட்கார முடியுமா? முடியும் என்றால் அதை எடுங்கள்.

நாங்கள் எடுத்தது அலுவலகச் செலவுப் பணத்தைத் திரும்பக் கேட்கும் படிவம். அது நீளமாக இருப்பதால்தான் எல்லோரும் தாமதிக்கிறார்கள் என்று மேலதிகாரிகள் நம்பினார்கள். சக ஊழியர் ஒருவர் அதை நிரப்பும்போது பக்கத்தில் இருந்து பார்த்தேன். பெயர், தேதி, தொகை எல்லாம் மளமளவென்று போட்டார். புராஜெக்ட் எண் கேட்கும் கட்டம் வந்ததும் கை நின்றுவிட்டது. பழைய மெயில்களைத் துழாவினார். டைரியின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். அப்புறம் "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று மூடிவிட்டார். படிவத்தைப் பாதியாகச் சுருக்கியிருந்தாலும் அந்தக் கட்டம் அங்கேயே இருந்திருக்கும்! எனவே, படிவத்தை எப்படிச் சுருக்குவது என்ற கேள்வியை விட்டுவிட்டு, அந்த எண்ணை அவர் தேடாமலே எப்படிக் கொடுப்பது என்று யோசிக்க ஆரம்பித்தோம். என்னைக் கேட்டால் மொத்தப் பயிற்சியின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

பெரிய நிறுவனங்களிலும் இதே கதைதான். பாங்க் ஆஃப் அமெரிக்கா, ஐடியோ என்ற வடிவமைப்பு நிறுவனத்துடன் சேர்ந்து 2005இல் கொண்டுவந்த 'கீப் தி சேஞ்ச்' சேமிப்புத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிலர் கணக்கு எழுதும்போது சில்லறையை விட்டுவிட்டுத் தொகையை முழு டாலராக உயர்த்தி எழுதுவதைக் கவனித்ததில் பிறந்தது அது. டெபிட் கார்டில் செலவு செய்தால் தொகை அடுத்த டாலருக்கு உயர்த்தப்படும், மிச்சம் சேமிப்புக் கணக்கில் விழும். ஏற்கெனவே இருந்த பழக்கத்தின் மேல் கட்டிய திட்டம்.

பேட்டி எடுக்கும்போது "இப்படி ஒன்று இருந்தால் வாங்குவீர்களா?" என்று கேட்காதீர்கள். முகத்துக்காக எல்லோரும் ஆமாம் என்பார்கள். "கடைசியாக இந்தச் சிக்கல் வந்தபோது என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள்.

முன்மாதிரி எவ்வளவு மட்டமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பாம் பைலட் கையடக்கக் கருவியை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், அந்த அளவில் ஒரு மரத்துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார்; குறிப்பு எழுத வேண்டிய நேரத்தில் அதை எடுத்து எழுதுவதுபோல நடித்துப் பார்த்தார். உங்களுக்குக் காகிதத்தில் வரைந்த திரையே போதும். பயனர் ஒரு கட்டத்தைத் தொட்டால் அடுத்த தாளை வையுங்கள். அவர் தடுமாறும்போது விளக்கம் சொல்ல வாய் துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ளுங்கள், அந்தத் தடுமாற்றத்தைப் பார்க்கத்தானே இவ்வளவும். பளபளப்பான மாதிரியைக் காட்டினால் இன்னொரு தொல்லை, பாவம் உழைத்திருக்கிறார்களே என்று யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

தொழிலுக்காகக் கற்கிறீர்கள் என்பதால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மக்களுக்கு வேண்டியதா, செய்ய முடிந்ததா என்பவற்றோடு, கட்டுப்படியாகுமா என்பதும் சேர வேண்டும். பயன்படுத்துபவர் ஒருவர், காசு கொடுப்பவர் வேறொருவர் என்பது அடிக்கடி நடக்கும். மாணவர் புராஜெக்ட்கள் பல இந்தக் கேள்வியைத் தொடாமலே முடிந்துவிடுகின்றன. குழுவில் கணக்குத் துறை ஆள் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்திலேயே "இதற்கு யார் பணம் தருவார்?" என்று குடைவார். கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும், பரவாயில்லை, கேட்கட்டும்.