பத்து டாலரும் ஐந்து டாலரும்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரக் கட்டுரையில் அமெரிக்க உள்நாட்டுப் போர் அடிமைமுறையால் வந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அது வென்றவர்கள் எழுதிய வரலாறு இல்லையா? வடக்கத்தி ஆலை முதலாளிகளுக்காகப் போட்ட இறக்குமதி வரி தெற்கை நசுக்கியது, மத்திய அரசின் கை ஓங்கியது, அதனால் மாநில உரிமைக்காகப் பிரிந்தார்கள் என்றுதான் நான் படித்திருக்கிறேன். ஒரு அடிமையைக்கூட விடுவிக்காமல் ஒன்றியத்தைக் காப்பாற்ற முடியுமென்றால் அப்படியே செய்வேன் என்று லிங்கனே எழுதியிருக்கிறார். தெற்கில் பெரும்பாலான வெள்ளையர் வீட்டில் அடிமைகளே கிடையாது. தன்னிடம் இல்லாத சொத்துக்காக எவனாவது சாவானா?

கு., ஈரோடு

அன்புள்ள கு.,

மாநில உரிமை என்று யாராவது சொன்னாலே நமக்கு ஒரு பரிவு வந்துவிடுகிறது, எனக்கும்தான். ஆனால் 1850களின் அமெரிக்காவில் அதை உரக்கப் பேசியவர்களில் வடக்கு மாநிலங்களும் உண்டு. மத்திய அரசின் கையைப் பிடித்துக்கொண்டு அவற்றை அடக்கப் பார்த்தது தெற்கு.

1850இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. தப்பி ஓடிய அடிமை வடக்கில் எந்த ஊரில் இருந்தாலும் உரிமையாளர் ஆளனுப்பிப் பிடிக்கலாம், உள்ளூரில் ஒரு மத்திய ஆணையர் முன் நிறுத்தி 'இவன் என்னுடையவன்' என்று பத்திரம் காட்டினால் போதும். ஜூரி கிடையாது. பிடிபட்டவன் தன் தரப்பைச் சாட்சியாகச் சொல்லவும் முடியாது. ஆணையருக்குக் கூலி, ஆளைத் திருப்பி அனுப்பினால் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். (அனுப்பினால் எழுத்து வேலை கூடுதல், அதற்காகத்தான் இந்த வித்தியாசம் என்று விளக்கம் வேறு சொன்னார்கள்.) அதிகாரி கூப்பிட்டால் தெருவில் போகிறவனும் பிடிக்க உதவ வேண்டும், ஓடிவந்தவனுக்கு இடம் கொடுத்தால் 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை.

அதுவரை வடக்கில் பெரும்பாலானவர்களுக்கு அடிமைமுறை எங்கோ தொலைவில் இருந்த விஷயம். பிடிக்காது, ஆனால் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள மாட்டார்கள். இந்தச் சட்டம் அதை அவர்கள் வாசலுக்கே கொண்டுவந்து, நீயும் கயிற்றின் ஒரு முனையைப் பிடி என்றது.

1854 மே மாதம் பாஸ்டனில் அந்தோணி பர்ன்ஸ் என்ற இளைஞரைப் பிடித்தார்கள், வர்ஜீனியாவிலிருந்து கப்பலில் தப்பிவந்து துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். அவரை மீட்க ஒரு கூட்டம் நீதிமன்றக் கதவை உடைத்தது, காவலுக்கு நின்ற ஒருவர் அதில் கொல்லப்பட்டார், அதிபர் பியர்ஸ் எவ்வளவு செலவானாலும் சரி சட்டம் நடக்கட்டும் என்று தந்தி அடித்தார். ஜூன் 2 அன்று ஒரே ஒரு மனிதரைத் துறைமுகத்துக்கு நடத்திக்கொண்டு போக ராணுவமும் பீரங்கியும் தெருவில் நின்றன. வழி நெடுகக் கட்டடங்களில் கறுப்புத் துணி, 'சுதந்திரம்' என்று எழுதிய சவப்பெட்டி ஒன்று தெருவுக்கு மேலே தொங்கியது, வேடிக்கை பார்த்த கூட்டம் ஐம்பதாயிரம் இருக்கும் என்பார்கள். அன்று மனம் மாறியவர்களில் ஏமஸ் லாரன்ஸும் ஒருவர். பருத்தி ஆலைகளால் பணக்காரரான குடும்பம், தெற்கோடு சமரசம் வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்த ஆள். ராத்திரி பழைய சமரசவாதிகளாகப் படுத்தோம், காலையில் வெறிபிடித்த அடிமைமுறை எதிர்ப்பாளர்களாக எழுந்தோம் என்று எழுதினார்.

(பர்ன்ஸை அடுத்த வருடமே பாஸ்டன்காரர்கள் பணம் திரட்டி வாங்கி விடுவித்தார்கள். ஓபர்லின் கல்லூரியில் படித்து, கனடாவில் போதகராக இருந்து, 1862இல் இறந்தார். முப்பது வயதுகூட இல்லை.)

அப்புறம் நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு முக்கியம். மாசசூசெட்ஸ் 1855இல் தன் அதிகாரிகள் யாரும் ஆள் பிடிக்க உதவக்கூடாது என்று சட்டம் போட்டது, வேறு பல வடக்கு மாநிலங்களும் இப்படிப்பட்ட சட்டங்களைக் கொண்டுவந்தன. விஸ்கான்சின் ஒரு படி மேலே போனது. அங்கே மில்வாக்கியில் ஜோஷுவா குளோவர் என்பவரைக் கூட்டம் சிறையை உடைத்து மீட்டது, அதற்காகக் கைதான பத்திரிகை ஆசிரியர் ஷெர்மன் பூத்தின் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் மத்தியச் சட்டமே செல்லாது என்றது. மாநில உரிமை என்றால் இதைவிட வேறென்ன வேண்டும்? 1859இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தூக்கி எறிந்தபோது தெற்கில் யாரும் ஐயோ மாநில உரிமை போயிற்றே என்று அழவில்லை.

தெற்கு கரோலினா 1860 டிசம்பரில் பிரிந்தபோது காரணங்களை வரிசையாக எழுதி வெளியிட்டது. அதில் என்ன புகார் தெரியுமா? வடக்கு மாநிலங்களைப் பெயர் பெயராகச் சொல்லி, இவர்கள் மத்தியச் சட்டத்தை முடக்குகிறார்கள், நியூயார்க் வழியாக அடிமையை அழைத்துப் போகக்கூட அந்த மாநில நீதிமன்றம் விடமாட்டேன் என்கிறது என்று. மிசிசிப்பி சுற்றி வளைக்கவே இல்லை, எங்கள் நிலைப்பாடு அடிமைமுறையோடு முழுதாகப் பிணைந்தது, உலகத்தின் மிகப்பெரிய பொருளியல் நலன் அதுதான் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறது. பிரிந்த மாநிலங்கள் சேர்ந்து அமைத்த புதிய கூட்டமைப்பு தன் அரசியல் சட்டத்தில் கறுப்பின அடிமைச் சொத்துரிமையைக் குறைக்கும் எந்தச் சட்டமும் கூடாது என்று எழுதிவைத்தது. வென்றவர்கள் எழுதிய வரலாறு என்கிறீர்கள், இதையெல்லாம் எழுதியது தோற்றவர்கள். மாநில உரிமைக்காகத்தான் போர் என்ற கதை பெரும்பாலும் போர் முடிந்த பிறகு அவர்களே திருத்தி எழுதியது.

வரி பற்றி சுருக்கமாக. 1857இல் வரியைக் குறைத்தார்கள், தெற்கின் ஆதரவோடு. நீங்கள் சொல்லும் உயர்ந்த வரிச் சட்டம் 1861 மார்ச் 2 அன்றுதான் கையெழுத்தானது. அதற்குள் ஏழு மாநிலங்கள் வெளியேறியாகிவிட்டது, அவற்றின் செனட்டர்கள் இருந்திருந்தால் அது நிறைவேறியிருப்பதே கஷ்டம்.

வடக்கு யோக்கியம் என்று நான் சொல்லமாட்டேன். இல்லினாய் 1853இல் கறுப்பர்கள் குடியேறவே தடை போட்டது, அதாவது லிங்கனின் சொந்த மாநிலம். நியூயார்க் மேயர் ஃபெர்னாண்டோ வுட், பருத்தி வியாபாரம் போய்விடுமே என்று நகரமே தனியாகப் பிரியலாமா என்று 1861 ஜனவரியில் யோசனை சொன்னார். மேற்கே புதிய நிலங்களில் அடிமைமுறை பரவக்கூடாது என்று ஓட்டுப் போட்டவர்களில் பலருக்கு அடிமைகள் மேல் இரக்கமெல்லாம் இல்லை, கூலியில்லாத உழைப்போடு போட்டி போட முடியாது என்ற கவலை. ஆனால் அந்தக் கவலையும் அடிமைமுறை பற்றியதுதானே.

நீங்கள் சொல்லும் லிங்கனின் வரி ஒரு கடிதத்தில் வருகிறது, நியூயார்க் பத்திரிகை ஆசிரியர் கிரீலிக்கு அவர் அதை எழுதியது 1862 ஆகஸ்ட் 22. அதற்கு ஒரு மாதம் முன்பே, ஜூலை 22 அன்று, அடிமைகளின் விடுதலைப் பிரகடனத்தின் வரைவை அமைச்சரவையில் படித்துக் காட்டியிருந்தார், ஒரு போர்க்கள வெற்றி வரட்டும் என்று மேசைக்குள் வைத்திருந்தார். ஆன்டீட்டம் போரில் அந்த வெற்றி கிடைத்து ஐந்தாம் நாள் வெளியிட்டார். அடிமைமுறை இருந்தும் ஒன்றியத்தோடு நின்ற நான்கு மாநிலங்கள் கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு, அந்தக் கடிதத்தை அதையும் மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும். அவர் போரில் இறங்கியது ஒன்றியத்துக்காக, அதில் சந்தேகமில்லை. ஒன்றியம் ஏன் உடைந்தது என்பது வேறு கேள்வி.

கடைசிக் கேள்விதான் உண்மையிலேயே கஷ்டமானது. தெற்கு முழுவதும் எடுத்தால் நாலில் ஒரு குடும்பம் அடிமை வைத்திருந்தது, மிசிசிப்பியிலும் தெற்கு கரோலினாவிலும் கிட்டத்தட்ட பாதி. மற்றவர்கள் அடிமைகளை வாடகைக்கு எடுத்தார்கள், என்றாவது வாங்குவோம் என்று நினைத்தார்கள். அதோடு, எவ்வளவு ஏழையானாலும் தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற தெம்பு. ஜார்ஜியா ஆளுநர் ஜோசப் பிரவுன் 1860 டிசம்பரில் ஏழை வெள்ளையர்களை நோக்கியே ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார், விடுதலை வந்தால் முதலில் அடிபடப்போவது நீங்கள்தான், அவர்கள் உங்களுக்குச் சமமாக வந்து நிற்பார்கள் என்று. பலர் நம்பினார்கள். எல்லோரும் இல்லை. வர்ஜீனியாவின் மேற்கு மலைப்பகுதியில் அடிமைகள் மிகக் குறைவு, அந்த மக்கள் பிரிவினையை ஏற்காமல் வர்ஜீனியாவிலிருந்தே பிரிந்து 1863இல் தனி மாநிலமாக ஒன்றியத்தில் சேர்ந்துகொண்டார்கள்.

மிசிசிப்பியின் அறிக்கை ஓரிரண்டு பக்கம்தான், இணையத்தில் கிடைக்கிறது. இறக்குமதி வரி பற்றி அதில் ஒரு வார்த்தை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.