நாற்பது நொடிக்காக டெல்லிக்கு அலையப் போகிறீர்களா?

கேள்வி: நான்கு வருடமாக யூடியூபில் 30,000 ரூபாய்க்குள் கிடைக்கும் லேப்டாப், பவர்பேங்க், ஸ்பீக்கர் எல்லாம் தமிழில் ரிவ்யூ செய்கிறேன். போன மாதம் ஒரு கம்பெனியின் 27,990 ரூபாய் லேப்டாப்பையும் அவர்களுடைய 20,000 எம்ஏஹெச் பவர்பேங்கையும் சொந்தக் காசில் வாங்கி வீடியோ போட்டேன். எட்டு மணி நேரம் நிற்கும் என்ற பேட்டரி 3 மணி 40 நிமிடத்தில் படுத்துவிட்டது. பவர்பேங்க் 12,000 தான் கொடுத்தது. சார்ஜரில் உள்ள பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) நம்பரைத் தேடினால் வேறு ஏதோ கம்பெனி பெயர் வருகிறது. "இது மோசடி, வாங்காதீங்க" என்று சொன்னேன். இப்போது டெல்லியிலிருந்து வக்கீல் நோட்டீஸ். 15 நாளில் வீடியோவை நீக்கி மன்னிப்புக் கேட்க வேண்டுமாம், 50 லட்சம் நஷ்டஈடாம், கிரிமினல் அவதூறு வழக்காம். இதே கம்பெனிதான் போன வருடம் என்னைத் தேடிவந்து ஒரு லேப்டாப்பைக் கொடுத்து ரிவ்யூ போடச் சொன்னது. இனி எல்லா மாடலும் உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டு, அப்புறம் போனையே எடுக்கவில்லை. பெரிய சேனல்கள் இதைவிட மோசமாகத் திட்டுகின்றன, அவர்களுக்கு நோட்டீஸ் இல்லை. மனைவி நிறைமாதம், வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. உண்மையைச் சொன்னது குற்றமா? நோட்டீசைப் படித்துக்காட்டி ஒரு வீடியோ போடலாம் என்று இருக்கிறேன். ஆத்திரத்தில் அவர்கள் மேனேஜருக்கு, "எனக்கு ஆன செலவு 35,000 கொடுத்தால் வீடியோவை எடுத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் பார்ட் 2 வரும்" என்று வாட்ஸ்அப்பும் போட்டுவிட்டேன். நோட்டீஸ் கைக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், தென்காசி மாவட்டம்

பதில்: மேனேஜர் போனை எடுக்காததும், பெரிய சேனல்களுக்கு நோட்டீஸ் போகாததும் கோர்ட்டில் நயாபைசா பெறாது. யார் மேல் வழக்குப் போடுவது என்பது வாதியின் இஷ்டம். 50 லட்சத்தைப் பார்த்தும் மிரள வேண்டாம். நோட்டீசில் எந்தத் தொகையும் எழுதலாம், அதற்குச் செலவு இல்லை. வழக்காகப் போடும்போது கேட்கிற தொகைக்கு ஏற்றபடி கோர்ட் ஸ்டாம்பு கட்ட வேண்டும், அங்கே பாதிப் பேருக்குத் தொகை சுருங்கிவிடும்.

உங்கள் வீடியோவைப் பார்த்தேன். 14 நிமிடம் ஓடுகிறது. அதில் வழக்குக்கு ஆகிற பெரிய இடம் ஒன்பதாவது நிமிடத்தில் வரும் நாற்பது நொடிதான்.

பேட்டரிப் பகுதியில் உங்களை யாரும் தொட முடியாது. மேஜை ஓரத்தில் கடிகாரம் ஓடுகிறது, திரை வெளிச்சம் 70 சதவீதம் என்று காட்டுகிறீர்கள், என்னென்ன திறந்து வைத்தீர்கள் என்று சொல்கிறீர்கள், அணைந்து போகும் நொடியும் பதிவாகியிருக்கிறது. "இந்தக் காசுக்கு இது தண்டம்" என்கிறீர்கள். அது உங்கள் கருத்து, கருத்துக்கு அடிப்படையும் கண் முன்னே கிடக்கிறது. கம்பெனிக்காரன் பெட்டியில் எட்டு மணி நேரத்துக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, வெளிச்சத்தைக் குறைத்து, வைஃபையை அணைத்து, ஒரே வீடியோவை ஓட்டிப் பார்த்தது என்று பொடி எழுத்தில் எழுதியிருப்பான். இருக்கட்டும். உங்கள் நிலைமையில் 3:40 வந்தது, அவ்வளவுதான்.

ஒன்பதாவது நிமிடத்துக்கு வாருங்கள். சார்ஜரைத் திருப்பிக் காட்டுகிறீர்கள். 'ஆர்' எழுத்துக்குப் பின்னால் எட்டு இலக்கம். பிஐஎஸ் கேர் செயலியில் அதைத் தட்டுகிறீர்கள். சீனத்து ஆலை ஒன்றின் பெயர் வருகிறது. "பாருங்க மக்களே, கம்பெனி பேரே வேற, நம்பர் போலி, இவனுங்க மோசடிப் பேர்வழிங்க" என்று சிரிக்கிறீர்கள். தம்பி, லேப்டாப், அடாப்டர், பவர்பேங்க் போன்றவற்றுக்குக் கட்டாயப் பதிவு என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பதிவு பிராண்டின் பெயரில் கிடைப்பதில்லை, பொருளைச் செய்யும் ஆலைக்குத்தான் கிடைக்கும். ஒரே ஆலை பல பிராண்டுக்குச் செய்து கொடுக்கும். நானும் அதே எண்ணைப் போட்டுப் பார்த்தேன். அந்த ஆலையின் பதிவில் உங்கள் கம்பெனியின் பிராண்டு இருக்கிறது. விரலை இன்னும் ஒரு அங்குலம் மேலே தள்ளியிருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

பவர்பேங்கிலும் பாதி இதே கதை. 20,000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் கணக்கு, 3.7 வோல்ட்டில். அது 74 வாட்-ஹவர். யுஎஸ்பி வழியாக 5 வோல்ட்டில் வெளியே வரும்போது காகிதக் கணக்கிலேயே 14,800 தான், சூட்டில் போகிற நஷ்டத்தைக் கழித்தால் 12,000 சொச்சம். அந்த எண்ணைப் பின்பக்கம் 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று அச்சடித்திருக்கிறார்கள், உங்கள் வீடியோவிலேயே ஒரு கணம் தெரிகிறது. "12,000 தான் வருகிறது" என்றால் உண்மை. "8,000-ஐத் திருடிட்டான்" என்றால் வழக்கு. முன்பக்கம் யானை சைஸில் 20,000, பின்பக்கம் எறும்பு சைஸில் 12,000 என்று அச்சடிப்பது எனக்கும் எரிச்சல்தான். ஆனால் எரிச்சல் வேறு, திருட்டு வேறு.

ஆக, கேள்வி "உண்மையைச் சொன்னது குற்றமா" என்பது இல்லை. போலி நம்பர், மோசடி, திருடன் என்பவை கருத்து ஆகாது. நடந்த சங்கதியாகச் சொன்னவை. அப்படிச் சொன்னவர்தான் நிரூபிக்க வேண்டும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் அவதூறுப் பிரிவான 356-ல் நமக்கு உதவுகிற விதிவிலக்குகள் பலவும் 'நல்லெண்ணம்' என்ற சொல்லில் தொங்குகின்றன. சட்டத்தில் அதற்கு நல்ல மனசு என்று அர்த்தம் கிடையாது. உரிய கவனத்தோடு விசாரித்துவிட்டுச் சொன்னீர்களா என்பதுதான் அர்த்தம்.

புரோட்டீன் பவுடர்களைத் திட்டி வீடியோ போட்டவர்கள் மேல் ஒரு கம்பெனி வழக்குப் போட்டது. 2025 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டது. ஏன்? அவர்கள் கையில் ஆய்வகச் சோதனை அறிக்கை இருந்தது. 2020 ஜனவரியில் மும்பையில் பாராசூட் தேங்காய் எண்ணெய் பற்றிய வீடியோவுக்குத் தனி நீதிபதி தடை போட்டார், லட்சம் பேர் கேட்கிற இடத்தில் பேசுகிறவருக்குப் பொறுப்பும் கூடுதல் என்று வைத்தார். மேல்முறையீட்டில் அந்தப் பிடி தளர்ந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் உங்கள் பேட்டரி டெல்லிப் பக்கம் நிற்கும், உங்கள் பிஐஎஸ் நம்பர் மும்பைத் தனி நீதிபதி பக்கம் நிற்கும்.

இதுவரை சொன்னது சமாளிக்கக்கூடியது. கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அந்த வாட்ஸ்அப், அதுதான் என்னை உட்கார வைத்தது.

அவதூறு வழக்கில் போலீசுக்கு வேலை இல்லை. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும். இப்போதைய நடைமுறைச் சட்டத்தில், புகாரைக் கோப்பில் எடுக்கும் முன்பே உங்களையும் கேட்டாக வேண்டும். மெதுவாக நகரும், மூச்சுவிட நேரம் உண்டு. "பணம் கொடு, இல்லாவிட்டால் பார்ட் 2" என்பது அந்தக் கணக்கே இல்லை. மானத்துக்குக் கேடு வரும் என்று பயம் காட்டிப் பணம் கேட்பது மிரட்டிப் பறித்தல், அதே சன்ஹிதாவின் பிரிவு 308. 7 ஆண்டு வரை சிறை. பணம் கை மாறவில்லை என்றால் முயற்சி என்று எழுதுவார்கள். இதற்கு எஃப்ஐஆர் போடலாம். அதுவும் டெல்லியில் போடலாம். வழக்குப் போட ஒரு கம்பெனிக்குக் காசும் காலமும் ஆகும். எஃப்ஐஆருக்கு உங்கள் மெசேஜின் ஸ்கிரீன்ஷாட் ஒன்று போதும். அதை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டீர்கள்.

"என் செலவைத்தானே கேட்டேன்" என்பீர்கள். வக்கீலான என்னிடம் இதையே சொன்ன கட்சிக்காரர்கள் உண்டு. கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன், இயர்போன் ரிவ்யூ செய்கிறவன், 18,000 ரூபாய் கேட்டு இதே மாதிரி எழுதினான். வீடியோ பற்றிய வழக்கு வரவே இல்லை. வெளிமாநிலத்து ஸ்டேஷனிலிருந்து ஆஜராகச் சொல்லிக் கடிதம்தான் வந்தது. வேறு மாநிலத்தில் எஃப்ஐஆர் என்றாலும் இங்கேயே குறுகிய காலத்துக்கு முன்ஜாமீன் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வாங்கினோம். ஆனால் அது ரயில் ஏறும்வரைக்குமான குடை, அங்கே போய் மறுபடியும் கேட்க வேண்டும். அவன் வீடியோவில் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி. அதைப் பேசவே கடைசிவரை வாய்ப்பு வரவில்லை.

இனி அந்த மேனேஜருக்கு ஒரு எழுத்துக்கூட அனுப்பாதீர்கள். 'சாரி சார், கோபத்தில் போட்டுவிட்டேன்' என்றும் வேண்டாம், அது ஒப்புதல். அனுப்பியதை அழிக்கவும் வேண்டாம். அவர்கள் போனில் இருக்கிறது, நீங்கள் அழித்தது மட்டும் தனிக் கதையாகும்.

அடுத்தது, நோட்டீசைப் படித்துக்காட்டும் வீடியோ. கமெண்டில் ஆயிரம் பேர் "நாங்க இருக்கோம் அண்ணா" என்பார்கள், வாய்தாவுக்கு ஒருத்தர் வர மாட்டார். அதை விடுங்கள். முதல் வீடியோ போட்டபோது உங்களுக்குப் பதிவு முறை தெரியாது, தெரியாமல் சொன்னேன் எனலாம். நோட்டீசின் ஏழாவது பத்தியில் ஆலைக்குத்தான் பதிவு என்று அவர்கள் விளக்கிவிட்டார்கள். படித்த பிறகும் அதையே சொன்னால் அது வன்மம். காலக்கெடுவும் கெடும்: அவதூறுக்கு நஷ்டஈடு கேட்க வெளியான நாளிலிருந்து ஒரு வருடம்தான். புதிய வீடியோ போட்டாலும், பழையதைத் தூக்கிவிட்டு மறுபடி ஏற்றினாலும் அந்த ஒரு வருடம் புதிதாக ஓடும்.

இன்னொன்று. வீடியோ தொடக்கத்தில் "நான் எந்தக் கம்பெனிகிட்டயும் ஒரு ரூபா வாங்கினதில்ல" என்கிறீர்கள். போன வருடம் வந்த லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தீர்களா? உங்கள் கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை, அதனால் வைத்துக்கொண்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இலவசமாக வந்த பொருளை வைத்துக்கொண்டு பேசினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது 2022 முதல் விதி. மீறினால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் வரை அபராதம் போடலாம். பயம் அதுகூட இல்லை. வருடத்துக்கு 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாகக் கொடுத்தாலும் 10 சதவீதம் டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) என்ற வருமான வரிப் பிரிவு 194ஆர் 2022 ஜூலையில் வந்தது. கம்பெனி ஒழுங்காகக் கணக்கு வைத்திருந்தால் அது உங்கள் பான் எண்ணுக்கு எதிரே பதிவாகியிருக்கும். குறுக்கு விசாரணையில் அந்த ஒரு தாளை நீட்டி, "ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை என்றீர்களே?" என்று கேட்டால், நல்ல பேட்டரிச் சோதனையும் சேர்ந்து சாயும். வாங்கிய லேப்டாப், நின்றுபோன சலுகை, உடனே திட்டி ஒரு வீடியோ, பிறகு 35,000 கேட்டு மெசேஜ். எதிர் வக்கீல் கையில் இதைக் கொடுத்தால் எப்படிக் கோப்பார் என்று நினைத்துப் பாருங்கள். நான் அந்தப் பக்கம் இருந்தால் பேட்டரியைப் பற்றி வாயே திறக்க மாட்டேன்.

ஆகவே சமரசம் செய்துகொள்ளுங்கள். வீரம் பேசுகிற வழக்கு இது இல்லை. அவர்கள் கேட்பதை எல்லாம் கொடுக்கவும் வேண்டாம்.

முதலில் மூலப் பதிவுகளை, கேமராவில் எடுத்த கோப்புகளை அப்படியே, இரண்டு ஹார்டு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். மின்னணுச் சாட்சியத்துக்கு இப்போது ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்) சான்று கேட்கிறார்கள், எடிட் செய்த பிரதியை வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். அந்த லேப்டாப்பை விற்காதீர்கள், சர்வீசுக்கும் கொடுக்காதீர்கள். விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தால், ஆலையில் போட்ட கொள்ளளவு எவ்வளவு, இப்போது முழுதாக ஏறுவது எவ்வளவு என்று இரண்டு எண் வரும். இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருந்தால் அது உங்கள் பக்கச் சாட்சி.

பிறகு யூடியூப் ஸ்டூடியோவிலேயே அந்த நாற்பது நொடியையும் "திருடிட்டான்" வரியையும் வெட்டுங்கள். வீடியோ முகவரி மாறாது, மறுபடி ஏற்ற வேண்டியதில்லை. தொடக்கத்தில் வரும் "ஒரு ரூபா" வசனமும் போகட்டும். அவர்கள் லோகோவின் மேல் சிவப்பில் 'மோசடி' என்று முத்திரை குத்திய தம்ப்நெயிலை மாற்றுங்கள். நோட்டீசில் டிரேட்மார்க் என்று இழுத்திருப்பது அதை வைத்துத்தான். டிரேட்மார்க் வழக்கு என்றால் அவர்கள் ஊரிலேயே போட வழி உண்டு. வணிக நீதிமன்றத்தில் எதிர்வாதுரைக்கு 120 நாள், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. தபால் வீட்டில் கிடக்க, எக்ஸ்பார்ட்டி (ஆஜராகாததால் ஒருதலைப்பட்சம்) ஆனவர்கள் எனக்குத் தெரிந்து நாலைந்து பேர் இருக்கிறார்கள். விளக்கக் குறிப்பில் "சார்ஜரின் பதிவு எண் பற்றிச் சொன்னது தவறான புரிதல், அப்பகுதி நீக்கப்பட்டது, போன வருடம் இந்நிறுவனத்திடமிருந்து ஒரு லேப்டாப் பெற்றேன்" என்று இரண்டு வரி.

நோட்டீசுக்குப் பதில் நீங்கள் எழுதாதீர்கள், பக்கத்தில் ஒரு வக்கீலைப் பிடியுங்கள். திருத்தியதைச் சொல்லி, பேட்டரி முடிவில் உறுதியாக நின்று, 'உரிமைகளுக்குப் பாதகமின்றி' என்ற தலைப்போடு போகட்டும். 'மன்னிப்பு' என்ற சொல் அதில் வேண்டாம். 35,000-ஐ மறந்துவிடுங்கள், அவர்களே கொடுக்க வந்தாலும் வாங்காதீர்கள். ஒப்பந்தம் நீட்டினால் இரண்டு இடத்தைப் பாருங்கள்: சிவில், கிரிமினல் இரண்டு பக்கமும், அந்த வாட்ஸ்அப் மெசேஜையும் சேர்த்து, இனி நடவடிக்கை இல்லை என்று இருக்கிறதா, இனி எங்கள் பொருளைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று எங்காவது நுழைத்திருக்கிறார்களா. முதலாவது இல்லாமல் கையெழுத்து வேண்டாம், இரண்டாவது இருந்தாலும் வேண்டாம்.

ஒன்பது நாள் போய்விட்டது, ஆறு நாள் இருக்கிறது. வக்கீலிடம் போகும்போது வீடியோவைக் காட்டும் முன் அந்த மெசேஜைக் காட்டுங்கள்.